கேரேஜ் பெரிசு, எடைக்கணக்கு சின்னது: மோட்டார்ஹோமின் வெளிச் சேமிப்பிடங்களோடு சில வருடங்கள்

மோட்டார்ஹோம் என்பது படுக்கை, சமையல் வசதியோடு வீடு மாதிரிப் பயணம் போகிற வண்டி; அதன் பின்பக்கச் சாமான் அறையைக் கேரேஜ் என்பார்கள். அந்தக் கேரேஜ் கதவைத் திறந்து காட்டினால் யாருக்குமே ஆசை வரும். சைக்கிள், மடக்கு மேசை, நாற்காலிகள், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் எல்லாம் போட்ட பிறகும் பாதி இடம் காலியாக நிற்கும். அப்படியொரு வண்டியில் நான்கு பேர் குடும்பமாகச் சில வருடங்களாகப் போய் வந்துகொண்டிருக்கிறோம். கேரேஜ், பக்கவாட்டு லாக்கர், தரைக்கு அடியில் இருக்கும் அறை, பின்சுவரில் சைக்கிள் ரேக், கூரைப் பெட்டி என்று வெளியே சாமான் வைக்க உள்ள வழிகளை எல்லாம் பயன்படுத்திப் பார்த்தாயிற்று. என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொன்னால், இடம் தீர்வதற்கு ரொம்ப முன்னாலேயே எடை தீர்ந்துவிடுகிறது. அதிலும் வண்டியின் மொத்த எடை வரம்பைத் தொடுவதற்கு முன்பே பின் ஆக்ஸில், அதாவது பின் சக்கரங்களின் அச்சு, தாங்கக்கூடிய எடை வரம்பைத் தொட்டுவிடுகிறது. வாங்கும்போது விற்பவர்கள் பேசுவது மொத்த எடையைப் பற்றி மட்டும்தான். ஆக்ஸிலைப் பற்றி நாமாகத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வண்டி 3,500 கிலோ வகை, அதாவது ஆள், சாமான் எல்லாம் சேர்ந்து அதற்கு மேல் போகக் கூடாது. ஐரோப்பாவில் சாதாரண கார் உரிமம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் இந்த 3,500-ஐ நம்பித்தான் வண்டி வாங்குகிறார்கள் என்பதால், தயாரிப்பாளர்களும் எல்லா வசதியையும் அதற்குள் அடைத்துவிடப் பார்க்கிறார்கள். ஓடும் நிலையில் வண்டியின் எடை 3,020 கிலோ என்று ஆவணத்தில் இருக்கிறது. மீதி 480. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த 3,020-இல் ஓட்டுநர் ஒருவர் மட்டும் 75 கிலோ என்ற கணக்கில் சேர்த்தி. டீசல் 90 சதவீதம் சேர்த்தி. தண்ணீரோ 20 லிட்டர்தான். தொட்டி 100 லிட்டர் பிடிக்கும்.

இப்போது கழித்துப் பார்க்கலாம். மற்ற மூன்று பேர் சேர்ந்து 150 கிலோ. மிச்சம் 330. வாங்கிய பிறகு நாங்கள் மாட்டிய பக்கப் பந்தல் 30, சைக்கிள் ரேக் 15, சூரியத் தகடுகளும் அவற்றைப் பொருத்திய சட்டங்களும் 20, இரண்டாவது லித்தியம் பேட்டரி 12. மிச்சம் 253. தண்ணீர்த் தொட்டியை முழுதாக நிரப்பினால் இன்னும் 80 போகும், 173. இரண்டு மின்சைக்கிள் 50 கிலோ, மேசை நாற்காலி 25. கடைசியில் கையில் நிற்பது 98 கிலோ. துணிமணி, படுக்கை, மளிகை, பாத்திரம், தண்ணீர்க் குழாய், மின்கம்பி, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் ஆப்பு, டூல் பாக்ஸ் எல்லாம் அந்த 98-க்குள் வர வேண்டும். அமெரிக்காவில் விற்கும் வண்டிகளில் ஆட்களும் சரக்கும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதிய மஞ்சள் ஸ்டிக்கரைக் கதவோரம் ஒட்டியிருப்பார்கள். அது ஒரு விதத்தில் நேர்மை. ஐரோப்பிய வண்டிகளில் இந்தக் கழித்தலை நாமேதான் செய்ய வேண்டியிருக்கிறது.

சரி, 98 கிலோவுக்குள் அடக்கிவிட்டால் பிரச்சினை முடிந்ததா என்றால் இல்லை. எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோதுதான் அது முழுதாகப் புரிந்தது. முதலில் முழு வண்டி, பிறகு முன் சக்கரங்கள் மட்டும், பிறகு பின் சக்கரங்கள் மட்டும். மொத்தம் 3,440. வரம்புக்கு 60 கிலோ குறைவு. முன்னால் 1,460, பின்னால் 1,980. இதை வண்டியில் எடை வரம்புகள் எழுதிப் பதித்திருக்கும் தகட்டோடு ஒப்பிட வேண்டும். எங்களுடையது ஃபியட் டுகாட்டோ வண்டியின் லைட் சேஸி, அதாவது லேசான வகை அடிச்சட்டம். முன் ஆக்ஸிலுக்கு 1,850 கிலோவும் பின் ஆக்ஸிலுக்கு 2,000 கிலோவும் அனுமதி. இரண்டையும் கூட்டினால் 3,850 வருகிறதே, மொத்தம் 3,500 தானே என்று முதலில் குழம்பும். எடை முன்னே பின்னே நகர்வதற்காக விட்ட இடைவெளி அது. எங்கள் வண்டியில் முன்னால் 390 கிலோ இடம் சும்மா கிடக்க, பின்னால் இருப்பது வெறும் 20 கிலோ. ஒரு மூட்டை அரிசியைக் கேரேஜில் வைத்தால் போதும், மொத்த எடை சரியாக இருக்கும்போதே வண்டி சட்டப்படி அதிகபாரம் ஆகிவிடும்.

இதற்குக் காரணம் நெம்புகோல் கணக்கு. பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் தொங்கும் எந்த எடையும் தன் எடையைவிட அதிகமாக அந்த ஆக்ஸிலை அழுத்தும். அதோடு முன் ஆக்ஸிலைத் தூக்கியும் விடும். சீசாவில் ஒரு முனையில் உட்கார்ந்தால் மறுமுனை எழும்புகிற மாதிரிதான். எங்கள் வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஏறக்குறைய 4 மீட்டர். சைக்கிள் ரேக்கின் நடுப்பகுதி பின் ஆக்ஸிலிலிருந்து 2.4 மீட்டர் தள்ளி இருக்கிறது. ரேக்கும் இரண்டு சைக்கிளும் 65 கிலோ. 65-ஐ 6.4-ஆல் (4-உம் 2.4-உம் சேர்ந்தது) பெருக்கி 4-ஆல் வகுத்தால் 104. அதாவது 65 கிலோ சாமானுக்குப் பின் ஆக்ஸில் 104 கிலோ சுமக்கிறது. அந்த அதிகப்படி 39 கிலோ முன் ஆக்ஸிலிலிருந்து போனது. முன்சக்கர இயக்கமுள்ள வண்டியில் இது காகிதக் கணக்கோடு நிற்பதில்லை. ஈரப் புல்தரையில், லேசான ஏற்றத்தில், சக்கரம் சுழலும், வண்டி நகராது. ஸ்டியரிங் வழக்கத்தைவிட லேசாக இருப்பதும் கைக்குத் தெரியும்.

இந்தக் கணக்கு தெரிந்த பிறகு நாங்கள் வெளிச் சேமிப்பிடங்களைப் பயன்படுத்தும் விதமே மாறிவிட்டது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேரேஜ். கொள்ளளவு ஏராளம், ஆனால் அதன் நடுப்பகுதி பின் ஆக்ஸிலுக்கு 1.4 மீட்டர் பின்னால். அங்கே வைக்கும் 100 கிலோ, ஆக்ஸில் மீது 135 ஆகிறது. கேரேஜ் தரைக்கென்று தனி எடை வரம்பும் உண்டு. 150 கிலோ, 250 கிலோ என்று வண்டிக்கு வண்டி மாறும். நடைமுறையில் அந்த வரம்பை நெருங்கும் முன்பே ஆக்ஸில் வரம்பு தடுத்துவிடுவதால், எங்களைப் பொறுத்தவரை அந்த எண்ணுக்குப் பெரிய அர்த்தமில்லை. இப்போது அங்கே இருப்பவை பெரிதாகவும் லேசாகவும் உள்ள சாமான்கள் மட்டும்: தூங்கும் பைகள், காற்றடைக்கும் படகு, மழைக்கோட்டு, காலணிகள். கனமானவற்றை வைத்தே ஆக வேண்டுமென்றால் கதவோரம் வைப்பதில்லை. ஆக்ஸிலை ஒட்டிய முன்சுவரோரம் வைத்து, தரையில் உள்ள தண்டவாளக் கொக்கிகளில் ஸ்ட்ராப் போட்டு இறுக்குகிறோம். சடன் பிரேக் அடித்தால் கட்டாத டூல் பாக்ஸ் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேரேஜைப் பற்றி இன்னொன்று. பெரிய மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகளை வாங்கி அடுக்குவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வெற்றுப் பெட்டியே ஒவ்வொன்றும் ஒன்றரை, இரண்டு கிலோ. அதைவிட மோசம், பெரிய பெட்டி இருந்தால் அதை நிரப்பாமல் கை சும்மா இருக்காது. துணிப்பைகளுக்கு மாறிய பிறகு, பெட்டிகளின் எடையோடு அவற்றில் கிடந்த தேவையில்லாத சாமான்களும் சேர்ந்து போயின.

பக்கவாட்டு லாக்கருக்குத்தான் என் முதல் மதிப்பெண். சின்னதாக இருப்பதால் விளம்பரத்தில் யாரும் காட்டுவதில்லை. ஆனால் இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில், தாழ்வாக இருக்கிறது. மேசை, நாற்காலி, டூல் பாக்ஸ் எல்லாம் சேர்ந்த 40 கிலோவைக் கேரேஜிலிருந்து இங்கே மாற்றினோம். கேரேஜில் இருந்தபோது அவை பின் ஆக்ஸிலுக்கு 54 கிலோ. இங்கே 20 தான். ஒரு சாமானையும் வீட்டில் விடாமல் 34 கிலோ லாபம், அந்த 34-ம் முன் ஆக்ஸிலுக்குப் போய் இழுவையும் கூடியது. நாற்காலிகளை நேராக உள்ளே தள்ள முடியாது. ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி, அதன் கால் இடுக்கில் மற்றதைச் சொருகினால்தான் கதவு மூடும். ஒவ்வொரு முறையும் இந்த வித்தைக்கு இரண்டு நிமிடம் ஆகிறது, ஆகட்டும்.

லாக்கர் கதவின் ரப்பர் விளிம்புதான் இதில் கவனிக்க வேண்டிய இடம். சரளைக்கல் பாதையில் போனால் மாவு மாதிரித் தூசு உள்ளே வந்துவிடும். எங்கள் வண்டியில் ஒரு கதவின் கீழ்மூலையில் ரப்பர் நசுங்கி, மழையில் தண்ணீரும் இறங்கத் தொடங்கியது. ரப்பரைத் துடைத்து, ரப்பருக்கென்றே உள்ள சிலிக்கான் தடவி, பூட்டுக் கொண்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி முடுக்கினதும் நின்றது. கேஸ் சிலிண்டர் இருக்கும் லாக்கரில் மட்டும் வேறு எதையும் திணிக்க வேண்டாம். கசியும் வாயு கீழே இறங்கி வெளியேறுவதற்காகத்தான் அதன் தரையில் துவாரம் வைத்திருக்கிறார்கள். அதை ஒரு துணிப்பை மூடிவிட்டால் போச்சு. அந்த லாக்கரில் எடை குறைக்க வேண்டுமானால் சிலிண்டரையே மாற்றலாம்: 11 கிலோ எரிவாயு பிடிக்கும் இரும்புச் சிலிண்டரைவிட அதே அளவு அலுமினியச் சிலிண்டர் காலியாக ஏறக்குறைய பாதி எடைதான்.

தரைக்கு அடியில் உள்ள அறை எடைக் கணக்கில் இன்னும் நல்லது, ஏனென்றால் அதைவிடத் தாழ்வான இடம் வண்டியில் இல்லை. ஆனால் முட்டி போட்டுக் கையை முழுதாக விட்டாலும் பின்மூலைக்கு எட்டாது. பந்தலைச் சுற்றும் கம்பியின் கொக்கியால்தான் பைகளை இழுத்து எடுக்கிறோம். ஆகவே அபூர்வமாகத் தேவைப்படும் கனமான பொருள்கள் மட்டும் அங்கே: ஜாக்கி, இழுவைக் கயிறு, பனிச்சங்கிலி.

சைக்கிள் ரேக்கைக் கழற்றவில்லை, ஆனால் அதன் மேல் மரியாதை குறைந்துவிட்டது. பெரும்பாலான ரேக்குகள் 50, 60 கிலோவோடு நிறுத்திக்கொள்கின்றன. மின்சைக்கிள் ஒன்றே 25 கிலோ. பேட்டரிகளைக் கழற்றி வண்டிக்குள் முன்பக்கம் வைத்தால் சைக்கிளுக்கு மூன்று கிலோ போல ரேக்கில் குறையும். பின்சுவரில் ரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் பூசிய சீலன்ட் பசையில் மயிரிழை விரிசல் வந்திருந்தது. குலுங்கிக் குலுங்கி வருவதுதான். இப்போது ஒவ்வொரு நீண்ட பயணத்துக்கு முன்பும் அதை விரலால் தடவிப் பார்க்கிறேன், ஏனென்றால் சுவருக்குள் தண்ணீர் இறங்கினால் அது ரேக்கின் விலையோடு முடியாது. சைக்கிளுக்கு உறை போட்டால் அது பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடித்து, அதே போல்ட்டுகளைத்தான் இழுக்கும். நம்பர் பிளேட்டும் விளக்குகளும் மறைகிறதா என்று பார்ப்பதோடு, இத்தாலி, ஸ்பெயின் பக்கம் போகிறவர்கள் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுமையில் 50 சென்டிமீட்டர் சதுரத்தில் சிவப்பு வெள்ளைக் கோடுள்ள பலகையையும் மாட்ட வேண்டும்.

கூரைப் பெட்டியைக் கழற்றிவிட்டோம். பெட்டியே 18 கிலோ, அதுவும் இருப்பதிலேயே உயரமான இடத்தில். வளைவில் வண்டி சாய்வது தெரிந்தது. நெடுஞ்சாலையில் சத்தம், டீசல் செலவும் கூடுதல். ஈர ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் மூடியைத் திறப்பது எனக்குப் பிடித்த வேலை இல்லை. கூரைப் பெட்டி வைத்துக்கொள்பவர்கள் கூடிய உயரத்தைக் கண்ணாடியோரம் எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். தாழ்வான பாலத்துக்கு முன்னால் நின்று யோசிக்க வேண்டியிருக்காது.

தண்ணீரைப் பற்றிப் பலரும் சொல்லும் அறிவுரை, காலித் தொட்டியோடு போ என்பது. எங்களுக்கு அது பாதிதான் பொருந்துகிறது. நல்ல தண்ணீர்த் தொட்டி ஆக்ஸில்களுக்கு நடுவில் இருப்பதால் அதில் குறைத்தால் மொத்த எடை குறையும், பின் ஆக்ஸிலுக்குப் பெரிய நிம்மதி இல்லை. கழிவுநீர்த் தொட்டிதான் பின்னால் இருக்கிறது. தங்கிய இடத்தில் குளித்து, பாத்திரம் கழுவியதில் முன்னால் இருந்த தண்ணீர் அப்படியே பின்னால் போய்ச் சேர்கிறது, மொத்தம் மாறாமலேயே. அதனால் கிளம்பும் முன் கழிவுநீரை அதற்கான இடத்தில் முழுதாக வடிப்பது கட்டாயம். நல்ல தண்ணீர் நாற்பது லிட்டர் போல வைத்துக்கொள்கிறோம்.

பின்னால் காற்றுப்பை சஸ்பென்ஷன் போட்டால் தீர்ந்துவிடுமே என்று கேட்பவர்கள் உண்டு. நாங்கள் போட்டோம். பின்பக்கம் தொங்குவது நின்றது, கப்பலில் இருந்து இறங்கும்போது வால் தரையில் உரசுவதும் நின்றது. ஆனால் தகட்டில் உள்ள 2,000 அப்படியேதான் இருக்கிறது. முறையான ஒப்புதலோடு புதுத் தகடு வாங்கினால்தான் எண் மாறும். வண்டி நிமிர்ந்து நிற்பதால் பாரம் குறைந்த மாதிரித் தோன்றுவது மட்டும் மிச்சம். டயரும் அப்படியே. டயரில் எழுதியிருக்கும் பாரக் குறியீடு 116 என்றால் ஒரு டயருக்கு 1,250 கிலோ, இரண்டுக்கு 2,500. டயர் தாங்கும் என்பதற்காக ஆக்ஸில் வரம்பு உயராது.

அடுத்த வண்டி பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். இந்த முறை கேட்பது ஹெவி சேஸி, அதாவது கனமான வகை அடிச்சட்டம். டுகாட்டோவிலேயே அதில் பின் ஆக்ஸில் 2,400 வரை போகிறது. அந்தச் சேஸி தானே சற்று எடை கூடியது என்பதால் 3,500-க்குள் பதிவு செய்தால் மொத்தக் கணக்கில் கொஞ்சம் இழப்போம், தெரிந்தேதான். வீல்பேஸ் (முன் பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம்) நீளமாகவும், பின் ஆக்ஸிலுக்கு அப்பால் தொங்கும் பகுதி குட்டையாகவும் இருக்க வேண்டும். கேரேஜ் இப்போது இருப்பதில் பாதி போதும். விற்பவரிடம் முதலில் தகட்டைக் காட்டச் சொல்கிறோம், பிறகு காலி வண்டியை எடைமேடையில் ஆக்ஸில் வாரியாக நிறுத்தித் தர முடியுமா என்று கேட்கிறோம். இதுவரை பார்த்தவர்களில் சிலர் ஒத்துக்கொண்டார்கள், சிலர் பேச்சைக் கேரேஜ் பக்கம் திருப்பினார்கள்.