ஹார்டனிங் முடிந்த டை பிளேட்டில் ஓட்டை: கணபதி ஈடிஎம் டிரில் பட்டறை

மோட்டாருக்கான தகடுகளை அடித்து வெட்டும் ஸ்டாம்பிங் டை செய்கிறவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் தெரியும். டி2 என்ற டூல் ஸ்டீல் பிளேட், 32 மில்லிமீட்டர் கனம், ஹார்டனிங் (சூடாக்கிக் கடினப்படுத்துவது) முடிந்து 60 ஹெச்ஆர்சி கடினத்தில் வந்துவிட்டது, மெல்லிய ஒயரில் மின்பொறி விட்டு வெட்டும் ஒயர்கட்டில் ஏற்றப் போனால் ஒரே ஒரு இடத்தில் ஒயர் நுழைக்க ஸ்டார்ட் ஹோல் போடாமல் விட்டிருக்கிறோம். சாதாரண ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டிரில் அதன்மேல் வழுக்கத்தான் செய்யும். அதைவிடக் கடினமான கார்பைட் டிரில் வைத்தோம், இரண்டு மில்லிகூட இறங்கவில்லை, முறிந்து உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

அப்புறம்தான் கோவை கணபதியில் ஈடிஎம் டிரில், அதாவது மின்பொறியால் ஓட்டை போடும் ஜாப் ஒர்க் மட்டும் செய்யும் ஒரு சின்னப் பட்டறைக்கு எடுத்துப் போனேன். மார்க்கர் புள்ளியை நம்பாமல் பிளேட்டின் இரண்டு ஓரத்தையும் தொட்டு அளவு எடுத்தார்கள், அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஊசி மாதிரி ஒரு மில்லி பித்தளை டியூப், அது சுற்றிக்கொண்டே இறங்குகிறது, அதன் துளை வழியாகத் தண்ணீர் அழுத்தத்தில் பாய்கிறது, நுனியில் பொறி படபடவென்று வெடித்து உலோகத்தை உருக்கித் தின்கிறது. மின்சாரம் பாயும் பொருளாக இருந்தால் போதும், எவ்வளவு கடினம் என்பது ஒரு பொருட்டே இல்லை. கார்பைடிலும் மின்சாரம் பாயும், அதனால் முறிந்து கிடந்த துண்டும் சேர்ந்தே கரைந்து போனது. "தண்ணி அடியில பீச்சுனா முடிஞ்சுதுங்ணா" என்றார் ஆபரேட்டர் தம்பி. நான் கேட்ட டீயைக் குடித்து முடிக்கும் முன் பீச்சியது.

குறையும் உண்டு. டியூபும் கூடவே தேயும், அதனால் பாதி ஆழத்தில் நிற்க வேண்டிய ஓட்டைக்கு ஆழம் துல்லியமாக வரவில்லை. இன்னொரு வேலையில் எனக்கு அரை மில்லி குறைந்தது. ஓட்டை டியூபைவிடச் சற்றுப் பெரிதாகத்தான் வரும், உள்சுவரில் உருகி உறைந்த மெல்லிய படலமும் நிற்கும். ஸ்டார்ட் ஹோலுக்கு இது ஒன்றுமே இல்லை, ஒயர் எப்படியும் வெட்டி எடுத்துவிடும். பாகங்களை இடம் மாறாமல் பொருத்தும் டவல் பின் ஓட்டையை மட்டும் இதிலேயே முடித்துக் கேட்காதீர்கள், ஒயர்கட்டில் அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

சனிக்கிழமை போக வேண்டாம். வாரக் கடைசி டெலிவரி என்று எல்லாரும் அன்றுதான் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், நான் ஒன்றரை மணி நேரம் நின்றேன்.