பச்சைச் சாணியா, உக்கிய எருவா? மணல் தோட்டத்தில் பல வருடம் போட்டுப் பார்த்தது

மட்டக்களப்பில், களுதாவளையில் எங்கள் தோட்டம் முழுக்க மணல். ஊற்றுகிற தண்ணீர் நிற்காது, அதோடு பசளையும் இறங்கிவிடும். அதனால்தான் பல வருடமாக மாட்டெரு போடுகிறேன். பட்டிருப்புப் பாலம் தாண்டி, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் மாட்டுப் பட்டிகளிலிருந்து உழவு மெசினில் வரும். 2021இல் இலங்கை அரசு இரசாயனப் பசளையைத் தடைசெய்தபோது எருவைத் தேடாத ஆளில்லை. பச்சையாகப் போடலாமா, உக்கவைக்க (மட்கவைக்க) வேண்டுமா என்று இன்றும் கேட்கிறார்கள்.

உக்கவைத்துத்தான் போட வேண்டும். ஆனால் உக்கினால் சத்துக் கூடும் என்கிற பேச்சு பாதிதான் சரி. பச்சைச் சாணியில் ஏறத்தாழ 80 வீதம் தண்ணீர்; நைதரசன் அரை வீதம்கூடத் தேறாது. உக்கும்போது தண்ணீரும் காபனும் கழிந்து குவியல் பாதியாக இறங்கும். மிஞ்சுகிற எருவில் பொசுபரசு செறிவாக இருக்கும். நைதரசன் அப்படியில்லை. குவியலைக் கிளறும்போது மூக்கில் ஏறுகிற காரம் அமோனியா, அதாவது நைதரசன் காற்றோடு போகிறது. மாரி மழையில் திறந்து கிடந்தால் அடியில் பிளேன்டீ நிறத்தில் நீர் வடியும். பொட்டாசியம் அதோடு போய்விடும். பராமரிப்பில்லாமல் உக்கிய எரு கறுப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

நான் அடியில் வைக்கோல் பரப்பி, மூத்திரம் ஊறிய பட்டி மண்ணையும் சேர்த்துக் குவித்து, பின்னிய தென்னோலைக் கிடுகால் மூடிவிடுவேன். மாடு கழிக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி மூத்திரத்தில்தான் இருக்கிறது, அதை விட்டுவிடக் கூடாது. நடுக்குவியல் 55, 60 பாகை செல்சியசுக்குச் சூடேறினால் புல் விதை பெரும்பாலும் செத்துவிடும். ஓரத்தில் கிடப்பது தப்பும், ஆகவே புரட்ட வேண்டும். மூன்று நான்கு மாதத்தில் கையில் அள்ளினால் சூடிருக்காது, மண் வாசம் வரும், வைக்கோல் தும்பு தெரியாது. அப்போது போடலாம்.

ஆட்டுப் புழுக்கை நல்ல சத்து, ஆனால் கரைய நாளெடுக்கும். கோழி எரு காய்ந்த நிலையில் 3 வீதம் வரை நைதரசன் தரும். பச்சையாகப் போட்டால் மிளகாய்க் கன்று கருகும். அதைவிட எனக்குக் கவலை கிணறுதான். குடிக்கிற தண்ணீரும் இதே மணலுக்குள்தான் இருக்கிறது, எரு அளவு மிஞ்சினால் அதன் நைதரசன் நைத்திரேற்றாகக் கரைந்து அங்கே போய்ச் சேரும்.

எரு வாங்கும்போது ஒரு பிடி நீரில் கரைத்துப் பாருங்கள். மணல் கலந்திருந்தால் அடியில் தங்கும்.

மிளகாய்க்கு மாட்டெரு மட்டும் போதாது. அதன் நைதரசனில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோதான் முதல் வருடம் பயிருக்குக் கிடைக்கும். பூக்கும் நேரம் கொஞ்சம் யூரியா வைக்கிறேன், முன்பு போட்டதைவிடக் குறைவாக.