எட்டுப் பக்கச் செய்திமடல், முந்நூறு பிரதி: வேலூர் டிஜிட்டல் பிரிண்ட் கடைகள் தேறுமா?

அரையாண்டுத் தேர்வின் கடைசி நாளுக்குள் பள்ளிச் செய்திமடல் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். கலைத்திருவிழா வெற்றியாளர் பட்டியல், விளையாட்டு விழாப் படங்கள், சாரணர் முகாம், பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு அட்டவணை எல்லாம் எட்டு ஏ4 பக்கத்தில் அடங்கும். முந்நூறு பிரதிக்கு ஆஃப்செட் அச்சகம் கட்டுப்படியாகாது. பிரதிக்கு இரண்டு ஏ3 தாள், தாளின் இருபுறமும் சேர்த்து நாலு முகம், முகத்துக்கு நாலு நிறம் என்று 16 பிளேட் (அச்சுத்தகடு) போடவேண்டி வரும். அந்தச் செலவு ஆயிரம் பிரதியில்தான் கரையும். ஆகவே பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியும் காட்பாடிப் பக்கமும் இருக்கிற டிஜிட்டல் கடைகள்தான் வழி.

அச்சுத் தரத்தில் பெரிய குறை இல்லை. நிறம் பளிச்சென்று வருகிறது, முன்னும் பின்னும் ஓரளவு நேராக உட்காருகிறது. வேலை கெடுவதெல்லாம் ஃபைல் கை மாறும் இடத்தில்.

முதல் வில்லன் எழுத்துரு. பள்ளியில் யூனிகோடில் அடித்து வேர்டு ஃபைலாகக் கொடுப்பார்கள். கடையில் பக்கம் வடிவமைக்க பழைய கோரல்டிராவோ பேஜ்மேக்கரோ ஓடும். ஆபரேட்டர் அதை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தை வைத்திருக்கும் பழைய பாமினி எழுத்துருவுக்கு மாற்றிப் போடுவார். இடையில் ஆங்கிலத்தில் இருக்கும் பெயரும் தேர்வுச் சுருக்கமும் பொருளில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடும். இன்டிசைன் என்ற வடிவமைப்பு மென்பொருள் வைத்திருக்கும் கடையில் வேறு கூத்து: ‘கொ’வின் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். பேராகிராஃப் பேனலில் வேர்ல்டு-ரெடி கம்போசர் என்ற அமைப்புக்கு மாற்றினால் சரியாகிவிடும். இது தெரிந்த ஆபரேட்டர் இருக்கும் கடையைக் கைவிடாதீர்கள். நம் பக்கம் செய்யவேண்டியது ஒன்றுதான். எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப் கொடுங்கள். வேர்டு ஃபைலைக் கொடுத்துவிட்டு, கடைக்காரர் கெடுத்துவிட்டார் என்று புலம்புவதில் நியாயமில்லை.

இரண்டாவது, வாட்ஸ்ஆப் படம். வழக்கமாக அனுப்பினால் நீளவாட்டில் சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருங்கிவிடுகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் ஐந்தே கால் அங்குலம்தான் தெளிவாக வரும். ஏ4 அகலமோ எட்டே கால். வரிசைக்குப் பதினைந்து பேர் நிற்கும் வகுப்புப் படத்தில், தோளோடு சேர்த்து ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது நூறு பிக்சல் சொச்சம். முகம் மாவுருண்டையாக வராமல் என்ன செய்யும்? படங்களை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது பென் டிரைவில் கொண்டுபோங்கள்.

பக்க வரிசையைக் கடையிலேயே அமைத்துத் தருகிறார்கள். இருந்தாலும் ஒரு வெள்ளைத்தாள் மாதிரியை மடித்துப் பாருங்கள். வெளித்தாளில் ஒரு முகம் 8-1, மறுமுகம் 2-7. உள்தாளில் 6-3, 4-5. ஜோடி எதைக் கூட்டினாலும் ஒன்பது வரவேண்டும். இருபக்க அச்சில் தாள் குறுகிய விளிம்பில் புரளவேண்டும். நீண்ட விளிம்பென்று அமைத்துவிட்டால் பின்முகம் தலைகீழாக நிற்கும்.

தாள் விஷயத்தில் கடைக்காரர் 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) ஆர்ட் பேப்பரைத்தான் தள்ளுவார். வேண்டாம். மடிப்பில் மை வெடித்து வெள்ளைக்கோடு விழும். தவிர்க்க கிரீசிங் (மடிக்கும் இடத்தில் முன்கூட்டியே அழுத்தும் கோடு) தனியாகப் போடவேண்டும். உள்ளே 100 ஜிஎஸ்எம், வெளியே 130 போதும். நடுவில் இரண்டு பின். ஓரம் வெட்டுவதால் எழுத்தை விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள். விளிம்பு வரை ஓடும் படத்துக்கு 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள்.

விலை கேட்கும்போது ‘பக்கம்’ என்ற சொல்லை நம்பாதீர்கள். ஒருவருக்கு அது ஏ4, இன்னொருவருக்கு ஏ3 தாளின் ஒரு முகம். ‘ஒரு பிரதிக்கு இரண்டு ஏ3 தாள், இருபுறமும் கலர், மடித்து, பின் அடித்து, ஓரம் வெட்டி என்ன விலை?’ என்று முழுதாகக் கேட்டால்தான் இரண்டு கடையை ஒப்பிட முடியும்.

அச்சாவதற்கு முன் ஒரு பிரதி எடுத்துத் தரச்சொல்லுங்கள். அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுக்கலாம். திரையில் பார்த்து ‘ஓகே’ சொன்ன பெயர்ப்பட்டியலில்தான் ‘ர’வும் ‘ற’வும் இடம் மாறியிருக்கும். பெயர்களை வகுப்பாசிரியர் ஒருமுறை, அந்தந்தப் பிள்ளையே ஒருமுறை பார்ப்பது நல்லது. பழைய ஃபைலை நகல் எடுத்து வேலை செய்தால் முகவரியையும் பாருங்கள். ஆற்காடு, வாலாஜா 2019-லேயே ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்கும் போய்விட்டன. அட்டையில் மட்டும் இன்னும் ‘வேலூர் மாவட்டம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசிப் பக்க அடியில் ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

நேரம்தான் இந்தக் கடைகளின் பலவீனம். டிசம்பரில் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி நிரல், காலண்டர், தை மாதக் கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரே மெஷினில் வரிசை கட்டும். ‘நாளைக்கு ரெடி’ என்றால் மூன்று நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வு தொடங்கும் வாரத்திலேயே ஃபைலைக் கொடுத்துவிட்டு, விளையாட்டு விழா முடிவுக்கு மட்டும் அரைப்பக்கம் காலியாக விட்டுவையுங்கள். வாங்கும்போது ஐம்பது ஐம்பதாகக் கட்டித் தரச்சொல்லி, ஒவ்வொரு கட்டிலும் நடுவிலிருந்து ஒரு பிரதியை உருவிப் பாருங்கள். டோனர் தீரும் நேரத்தில் வந்த வெளிறிய தாள்கள் அங்கேதான் இருக்கும்.