நட்ஸ் இல்லாத பாலில் ஹாட் சாக்லேட்: எந்தப் பால் கெட்டியாக வருகிறது?

நட்ஸ் அலர்ஜி இருப்பவர்கள் ஹாட் சாக்லேட்டுக்கு ஒரே ஒரு தாவரப் பால்தான் வாங்க முடியும் என்றால், பரிஸ்டா என்று போட்டிருக்கும் ஓட்ஸ் பாலை வாங்குங்கள். என் மகளுக்குப் பாதாம், முந்திரி எதுவும் ஆகாது, பசும்பாலும் சேராது, அதனால் கைக்குக் கிடைத்த தாவரப் பாலையெல்லாம் கோகோவோடு காய்ச்சிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

சாதா ஓட்ஸ் பாலும் பரிஸ்டா ஓட்ஸ் பாலும் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். சாதாவில் 100 மில்லிக்கு 1, 1.5 கிராம் கொழுப்பு இருந்தாலே பெரிது. பரிஸ்டாவில் எண்ணெய் கூடுதலாகச் சேர்த்து 3 கிராம் வரை கொண்டுவந்துவிடுகிறார்கள், ஏறக்குறைய பசும்பால் அளவு. அதோடு ஓட்ஸில் இயல்பாகவே இருக்கும் பீட்டா குளூக்கான் என்ற நார்ச்சத்து ஒரு வழவழப்பைத் தருகிறது, இரண்டும் சேரும்போதுதான் நாக்கில் அந்தக் கனம் தெரிகிறது. தயாரிக்கும்போதே மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக உடைந்துவிடுவதால் இந்தப் பால் கொஞ்சம் இனிப்பாகவே இருக்கும், வழக்கமாகப் போடும் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒரே குறை, அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் கொதித்துக் கூழ் மாதிரி இழுக்க ஆரம்பித்துவிடும். பாத்திரத்தின் ஓரத்தில் சின்னக் குமிழ் வந்ததும் இறக்கிவிட வேண்டும்.

அடுத்த இடம் சோயாவுக்கு. புரதம் 100 மில்லிக்கு 3 கிராம் அளவுக்கு இருப்பதால் நாக்கில் கனம் தெரியும் பால், நுரையும் நன்றாக நிற்கும். ஆனால் புளிப்பும் சூடும் சேர்ந்தால் திரிந்துபோகும். சாதாரண கோகோ தூளுக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு, அதைக் கொதிக்கிற சோயா பாலில் கொட்டினால் கோப்பையின் ஓரமெல்லாம் வெள்ளைத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு நிற்கும், குடிக்க மனசே வராது. டச்சு கோகோ என்று விற்பதில் அந்த அமிலத்தை ஏற்கெனவே குறைத்திருப்பார்கள், சோயாவுக்கு அதுதான் சரி. பட்டாணிப் பாலும் கிட்டத்தட்ட இதே ரகம், அதில் வரும் லேசான பயறு வாசனையைச் சாக்லேட் மறைத்துவிடும். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் இந்த இரண்டுக்கும் முன்னால் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள், எல்லாமே ஒரே குடும்பத்துப் பயறுகள்.

தேங்காய்ப்பாலில் டப்பா வேறு, அட்டைப்பெட்டி வேறு. டப்பாவில் வருவது 17, 20 சதவீதக் கொழுப்போடு கெட்டியாக இருக்கும், அதை மட்டும் ஊற்றினால் சாக்லேட்டைவிடத் தேங்காய்தான் தூக்கலாகத் தெரியும். பெட்டியில் வரும் பானமோ தண்ணியாக இருக்கும். எனக்குப் பிடித்தது மூன்று பங்கு ஓட்ஸ் பாலுக்கு ஒரு பங்கு டப்பாத் தேங்காய்ப்பால், நான் செய்து பார்த்ததிலேயே வாய் நிறைய வந்தது இதுதான். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 ஜனவரியில் மரக்கொட்டை (பாதாம், முந்திரி போன்ற நட்ஸ்) ஒவ்வாமைப் பட்டியலிலிருந்து தேங்காயை எடுத்துவிட்டது. இருந்தாலும் தேங்காயே ஆகாதவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் ஓட்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அரிசிப் பாலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரு கோப்பைக்கு ஒரு டீஸ்பூன் சோள மாவு கரைத்து ஊற்றினால்தான் கொஞ்சமாவது கெட்டியாகும். அரிசியில் இருக்கும் ஆர்சனிக் காரணமாக 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பாலுக்குப் பதில் இதைக் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனில் அறிவுறுத்துகிறார்கள்.

எந்தப் பாலாக இருந்தாலும் கோகோவையும் சர்க்கரையையும் முதலில் இரண்டு கரண்டி சூடான பாலில் குழைத்து, பளபளவென்று பசை மாதிரி வந்தபிறகு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், கட்டி தட்டாது. இறக்கியபிறகு டார்க் சாக்லேட் இரண்டு துண்டு போட்டுக் கலக்கினால் அதிலிருக்கும் கோகோ வெண்ணெய் உருகி, மெல்லிய பாலைக்கூடத் தூக்கிவிடும்.

அப்புறம் முக்கியமான விஷயம், பாலைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டுச் சாக்லேட்டில் கோட்டை விடாதீர்கள். சாக்லேட் கட்டிகள் பெரும்பாலும் ஹேசல்நட், பாதாம் ஓடும் அதே இயந்திரத்தில்தான் தயாராகின்றன. ‘நட்ஸ் கலந்திருக்கலாம்’ என்ற எச்சரிக்கையை அச்சிடுவது அமெரிக்கா, ஐரோப்பா உட்படப் பல இடங்களில் கட்டாயமில்லை, அதனால் அது இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. நட்ஸ் இல்லாத ஆலையில் தயாரித்தது என்று தெளிவாக எழுதியிருப்பதைத் தேடுங்கள், இல்லையென்றால் நிறுவனத்துக்கே எழுதிக் கேளுங்கள். பெட்டியின் முகப்பில் தேங்காய் என்று பெரிதாகப் போட்டுவிட்டுப் பின்னால் சின்ன எழுத்தில் பாதாமும் சேர்த்த கலவைப் பால்கள் உண்டு, ஆகையால் பழகிய பெட்டியாக இருந்தாலும் ஒவ்வொரு முறையும் பின்பக்கத்தைப் படித்துவிட்டே வாங்குங்கள்.