ஹெப்-ஜி2 செல்லா, மனித ஹெப்பட்டோசைட்டா?

புது மருந்து கல்லீரலைக் கெடுக்குமா என்று சோதிக்க எந்தச் செல்லை எடுப்பது? ஹெப்-ஜி2 என்பது மனிதக் கல்லீரல் புற்றுநோயிலிருந்து வந்த, ஆய்வகத்தில் வளர்க்கும் செல். ஹெப்பட்டோசைட் என்பது கொடையாளரின் கல்லீரலிலிருந்து நேரே எடுத்த கல்லீரல் செல்.

செலவு: ஹெப்-ஜி2 மலிவு. ஹெப்பட்டோசைட் கையைக் கடிக்கும்.

ஆயுள்: முன்னது பெருகிக்கொண்டே இருக்கும், புற்றுநோய்ச் செல் ஆயிற்றே. பின்னது சாதாரண வளர்ப்புத் தட்டில் சில நாளிலேயே நொதிகளை இழந்துவிடும்.

வளர்சிதை மாற்றம்: விஷயமே இங்கேதான். பாராசிட்டமாலின் ஒரு பகுதியைச் சைட்டோகுரோம் பி450 என்ற கல்லீரல் நொதிகள், முக்கியமாக அவற்றில் 2இ1 என்ற வகை, நாப்கி என்ற நச்சாக மாற்றுகின்றன. அந்த நச்சை முறிக்கும் குளூட்டாதயோன் செல்லில் தீர்ந்தால் செல் சாகும். ஹெப்-ஜி2-வில் இந்த நொதிகள் மிகக் குறைவு. அதனால் ஆபத்தான மருந்தும் சாதுவாகத் தெரியலாம்.

சீர்மை: ஹெப்பட்டோசைட் கொடையாளருக்குக் கொடையாளர் மாறும். எனக்கு அது குறையாகவே படவில்லை, மனிதர்களும் அப்படித்தானே.

நூற்றுக்கணக்கான சேர்மங்களை முதலில் சலிக்க ஹெப்-ஜி2 போதும். உடல் மாற்றியமைத்த பொருள் மேல் சந்தேகமா? ஹெப்பட்டோசைட்தான்.