கரண்டு வைத்த இடம் ஆறவில்லையா: ஆக்ஸிஜன் அறையா, மாத்திரையா, ஆபரேஷனா?

புற்றுக்குக் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துக் கட்டி கரைந்து, ஆள் தேறி ஓரிரு வருடம் ஆன பிறகு தாடை எலும்பு வெளியே தெரியும், அல்லது சிறுநீரில் ரத்தம் போகும். புற்று திரும்பிவிட்டதா என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். அது இல்லையென்றால் இது கதிர்வீச்சு நல்ல சதையில் செய்த வேலை: பொடி ரத்தக்குழாய்கள் அடைபட்டு, ஆக்ஸிஜன் போய்ச் சேராமல் சதை ஆறும் சக்தியை இழந்துவிடும்.

ஆக்ஸிஜன் அறை என்பது வெளிக்காற்றைப் போல 2 முதல் 2.4 மடங்கு அழுத்தத்தில் சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசிப்பது. தினமும் ஒன்றரை மணி நேரம், 30, 40 தடவை. அந்த அழுத்தத்தில்தான் ஆக்ஸிஜன் ரத்த நீரிலேயே கரைந்து, ரத்தம் சரியாக ஓடாத இடத்துக்கும் போகும். வீட்டில் சிலிண்டர் வைத்து மாஸ்க் போட்டால் இது நடக்காது. தீப்பிடிக்கும் பயம் இருப்பதால் தலையில் எண்ணெய் கூடாது, செல்போன் கூடாது, பருத்தித் துணிதான். திருப்பூர் பனியன் பரவாயில்லை, பாலியெஸ்டர் சட்டை ஆகாது. காது அடைக்கும், சிலருக்குக் கொஞ்ச நாள் கிட்டப்பார்வை வரும்.

சிறுநீர்ப்பைக்கு என் ஓட்டு அறைக்குத்தான். 2019-ல் வெளிவந்த வட ஐரோப்பிய ஆய்வில், அறைக்குள் போனவர்களுக்குச் சிறுநீர்த் தொல்லை நன்றாகவே குறைந்தது. குடலுக்கு அவ்வளவு உறுதியில்லை: 2016-ல் வந்த பிரிட்டன் ஆய்வில் பலன் தெரியவில்லை. ஆசனவாயில் ரத்தம் மட்டும் என்றால் எண்டோஸ்கோப்பி வழியாக ஆர்கான் வாயுவால் சுட்டு நிறுத்துவதே சுருக்கமான வழி.

தாடைதான் சிக்கல். என் பெரியப்பா ஒரு டாக்டரிடம் கேட்டார், "ஏனுங்க, அந்தப் பொட்டிக்குள்ள படுத்தா எலும்பு வளந்துருமுங்களா?" செத்த எலும்பு எந்தக் காற்றாலும் உயிர்க்காதுங்க என்றார் டாக்டர். 2004-ல் வந்த பிரெஞ்சு ஆய்விலும் தாடைக்கு அறை கைகொடுக்கவில்லை. அதனால் ஆரம்ப நிலையில் ரத்த ஓட்டத்துக்கு உதவும் பென்டாக்ஸிஃபைலின், கூடவே வைட்டமின் ஈ மாத்திரைகள் என் பார்வையில் முந்துகின்றன. மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், வயிற்றைப் புரட்டும், பெரிய ஒப்பீட்டு ஆய்வின் பலமும் இல்லை, ஆனாலும் சத்தியமங்கலத்திலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ வாரத்தில் 5 நாள் கோவைக்கு பஸ் ஏறி இறங்கும் பாடு இல்லையே! அரிசிம்பருப்பு சாதத்தையே குழைய வைத்தால்தான் உள்ளே போகும் என்கிற ஆளுக்கு ஆறு, எட்டு வாரம் அந்த அலைச்சல் லேசுப்பட்டதல்ல.

எலும்பு முறிந்துவிட்டால், கன்னத்தில் ஓட்டை விழுந்து சீழ் ஒழுகினால் மாத்திரையும் வேண்டாம், அறையும் வேண்டாம். செத்த எலும்பை வெட்டி எடுத்து, காலிலிருந்து ஃபிபுலா எலும்பை ரத்தக்குழாயோடு எடுத்து வைப்பார்கள். பெரிய ஆபரேஷன்தான், ஆனால் அந்த நிலையில் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

அப்புறம் பல் பிடுங்கும் விஷயம். கரண்டு வைத்த தாடையில் கீழ்ப்பல் எடுப்பதற்கு முன்னும் பின்னும் அறைக்குள் போய் வரச் சொல்வது பழைய வழக்கம். பிரிட்டனின் 2019 ஆய்வில் போனவர், போகாதவர் இரு பக்கமும் எலும்பு கெட்டது ஏறக்குறைய ஒரே அளவு, 6 சதவீதம். ஆகவே இதற்கென்று அறைக்குச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். கெட்ட பல்லைக் கரண்டு வைக்கும் முன்பே எடுத்து, புண் ஆற இரண்டு மூன்று வாரம் விடச் சொல்லிக் கேளுங்கள். அதற்கப்புறம் பல் டாக்டர் யாரிடம் போனாலும் கரண்டு வைத்ததை முதலில் சொல்லிவிடுங்கள்.