அந்தக் குமிழும் நானும்: ஒரு ஹாம் கைக்கருவியோடு 11 ஆண்டுகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவிலேயே இருக்கும் நண்பரின் மகன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோ அலையில் பேசுவது, அதற்கான தேர்வில் தேறிவிட்டு, டெல்லியிலிருந்து உரிமம் வருவதற்காகக் காத்திருக்கிறான். "மாமா, நீங்கள் வைத்திருக்கும் செட்டையே நானும் வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டான். அந்த நேரம் என் செட் எஸ்.பி. ரோட்டில் ஒரு மெக்கானிக்கின் மேசையில் வயிறு திறந்து கிடந்தது. எரிச்சலில் இருந்தவன், வாங்காதே என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டேன். காபிகூடக் கொடுக்கவில்லை என்று வீட்டில் திட்டு விழுந்தது. பையன் பாவம். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

2 மீட்டர், 70 சென்டிமீட்டர் என்ற இரண்டு அலைநீளப் பட்டைகளிலும் பேசும் 5 வாட் கைக்கருவி. ஜப்பானியத் தயாரிப்பு. 2014இல் வாங்கினேன். மற்ற விவரங்கள் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்கு மனப்பாடம். குறை சொல்லப் புறப்பட்டிருப்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

குறை ஒன்றே ஒன்றுதான். செட்டின் தலையில், ஆன்டெனாவுக்குப் பக்கத்தில், சேனல் மாற்றும் குமிழ் இருக்கிறது. மேசையில் வைத்துத் திருப்பும்போது என்ன சுகம்! ஒவ்வொரு சேனலுக்கும் விரல் நுனியில் ஒரு 'டிக்'. அதே செட்டைப் பையில் போட்டால் பையின் வார் பட்டாலும் நகரும், சட்டைக் கை உரசினாலும் நகரும், மூச்சு விட்டால்கூட நகருமோ என்று தோன்றும். பூட்டு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பூட்டினால் பொத்தான்கள் எல்லாம் அடங்கிவிடும். குமிழ் மட்டும் ஊர் சுற்றும். குமிழையும் சேர்த்துப் பூட்ட மெனுவின் அடியாழத்தில் ஓர் அமைப்பு இருப்பதை வாங்கி 3 ஆண்டுகள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அதையும் வைத்துப் பார்த்தேன். மழையில் நனைந்த விரலோடு அவசரமாகச் சேனல் மாற்ற வேண்டியபோது பூட்டு திறக்க மறுத்தது. அத்தோடு அதைக் கைவிட்டேன்.

நந்தி மலைப் பயிற்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெள்ளம் வந்ததாக வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. இந்த அலைகள் பெரும்பாலும் கண்பார்வை போகும் வழியிலேயே போகும். அதனால் கீழே ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாத இருவருக்கு நடுவே, 1,478 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒருவர் கேட்டுச் சொல்லவேண்டும். அன்றைக்கு அந்த ஒருவர் நான். டீ குடிக்கப் போகும்போது பையைத் தோளில் மாட்டினேன். அதன்பிறகு 20 நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது போலும் என்று நிம்மதியாக இரண்டாவது போண்டாவையும் முடித்தேன். கீழே எல்லோர் பேச்சையும் ஒழுங்குபடுத்தும் நெட் கன்ட்ரோலில் இருந்தவர், ரேடியோவில் எனக்குப் பெயரான அழைப்புக்குறியைத் தொண்டை வற்றக் கூவிக்கொண்டிருந்திருக்கிறார். திரையைப் பார்த்தால் சேனல் 11 இருக்கவேண்டிய இடத்தில் 14. ஒத்திகை என்பதால் கேலியோடு போயிற்று. இன்றும் எங்கள் கூட்டத்தில் இருவர் என்னைப் 'பதினாலு' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மறுநாளே பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு வளையம் வெட்டிக் குமிழில் மாட்டினேன். ரப்பர் செட்டின் உடம்போடு உரசிப் பிடித்துக்கொள்ளும். வேண்டுமென்று திருப்பினால்தான் திரும்பும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு டியூப் வளையம்!

இனி மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் தூக்கம் வராது. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, அந்த வாரம் பெங்களூரிலிருந்து போன ஒரு நிவாரண லாரியில் நானும் இன்னொரு ஹாம் நண்பரும் ஏறிக்கொண்டோம். பெங்களூரிலிருந்தே இந்தச் செட்டில் சென்னைக்குப் பேசியிருக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். நேர்க்கோட்டில் 290 கிலோமீட்டர். கைக்கருவிக்கு அது ஆகாத காரியம். அதற்கு 7 மெகாஹெர்ட்ஸில் பேசும் பெரிய செட்டும், தாழ்வாகக் கட்டிய டைபோல் என்ற கம்பி ஆன்டெனாவும் வேண்டும். அலை நேராக மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுச் சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் விழும். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாமின் குழுவினர் உலகமெங்கும் உள்ள ஹாம்களோடு பேசுவதற்காக அந்தமானில் போர்ட் பிளேர் போயிருந்தார்கள். 26ஆம் தேதி சுனாமி அடித்ததும் அவர்கள் அப்படியே நிவாரணச் செய்திகளைக் கடத்தும் வேலைக்கு மாறினார்கள். தீவிலிருந்து நாட்டுக்குச் சேதி வந்ததும் அப்படிப்பட்ட பெரிய செட்டுகளால்தான். நான் தேர்வு எழுதியதே அந்தச் செய்தியைப் படித்த வேகத்தில்.

தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர்ப் பக்கம் எங்களுக்கு வாய்த்தது சின்ன வேலை. பள்ளிக்கூடத்தில் முகாம், தண்ணீரைத் தாண்டி வர முடியாத லாரி 3 கிலோமீட்டருக்கு அப்பால் பெரிய சாலையில். மின்சாரம் இல்லை, செல்போனில் கோடும் இல்லை. ஹாம்கள் பொதுவாகப் பிறர் செய்தியைக் கடத்தக் கூடாது. புயல், வெள்ளம், நிலநடுக்கம் போன்ற பேரிடரில் மட்டும் கடத்தலாம். அதுவும் மாவட்ட ஆட்சியரோ, அதிகாரம் பெற்ற வேறோர் அலுவலரோ தருவதாக இருக்கவேண்டும் என்கின்றன 1978ஆம் ஆண்டு விதிகள். ஆகவே முகாமில் இருந்த வட்டாட்சியர் தாளில் எழுதிக் கொடுப்பார், நான் படிப்பேன், லாரிப் பக்கம் நண்பர் எழுதிக்கொள்வார். முதல் தாளிலேயே தகராறு. போர்வை இருபதா, அறுபதா? இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். அதற்குப் பிறகு "ஆறு, சைபர்" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லப் பழகினோம். எந்தக் கையேட்டிலும் படிக்காத பாடம் அது.

சாயங்காலத்துக்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. இதன் நிக்கல் பேட்டரி சுவரில் செருகினால் நிரம்பவே 10 மணி நேரம் எடுக்கும்; அங்கேயோ செருகுவதற்குக் கரண்ட் இல்லை. அப்போதுதான் பையின் அடியில் அந்தக் காலிக் கூடு கையில் தட்டுப்பட்டது. 6 பென்சில் செல் போடும் பிளாஸ்டிக் கூடு. கடைக்காரர் வற்புறுத்தியதால் வாங்கி, வீண்செலவு என்று ஓராண்டாகத் திட்டிக்கொண்டிருந்த பொருள். பாதிக் கதவு திறந்திருந்த ஒரு பெட்டிக்கடையில், மெழுகுவத்திகளுக்கும் நமத்துப்போன தீப்பெட்டிகளுக்கும் நடுவில் பென்சில் செல் இருந்தது. 12 வாங்கினேன். ஆற்றலைக் குறைத்து வைத்துக்கொண்டு அன்றிரவும் மறுநாள் முழுக்கவும் பேசினோம். செட் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. பட்டாணி அளவு சிவப்பு விளக்கு, பேசும் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் அந்த இருட்டு வகுப்பறையில் கரும்பலகைவரை வெளிச்சம் போட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒவ்வொரு வெள்ளத்திலும் இப்படி நடக்கும் என்று பையன் கனவு காணக் கூடாது. 2022 செப்டம்பரில் நம் வெளிவட்டச் சாலைப் பக்கமே மூழ்கி, டிராக்டரில் ஆட்களை ஏற்றிப்போனார்களே, அப்போதும் செட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு போனேன். நான் போன இடத்தில் எல்லோர் கையிலும் போன் வேலை செய்தது. என் செட்டை யாரும் தேடவில்லை. சாப்பாட்டுப் பொட்டலம் தூக்கினேன். செட்டைப் பார்த்துப் போலீஸ் என்று நினைத்த ஒரு பாட்டி, தண்ணீர் இறைக்கும் மோட்டார் எப்போது வரும் என்று என்னைக் கன்னடத்தில் அதட்டினார்.

மூன்று மாதமாகக் குமிழுக்குப் புதுவியாதி. ஒரு 'டிக்'குக்கு இரண்டு சேனல் தாவும், சில சமயம் பின்னால் போகும். மெக்கானிக் வேலூர்க்காரர். முதலில் உள்ளே மருந்து அடித்துப் பார்த்தார், பிறகு உறுப்பையே மாற்றினார். 11 ஆண்டு உழைத்த பொருள் தேய்ந்ததைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். பேசும் பொத்தான், ஒலிபெருக்கி, திரை எல்லாம் இன்றும் புதிது போலவே இருக்கின்றன. செல்போன் கோபுரங்கள் நெருக்கியடிக்கும் இந்த ஊரில் மலிவான செட்டுகள் பல செவிடாகிவிடும்போது, இது மெல்லிய குரலையும் பிடித்துக் கொடுக்கிறது.

அப்படியானால் வாங்கலாமா? வேண்டாம் தம்பி. உன் முதல் செட் குமிழே இல்லாமல் பொத்தான் மட்டும் இருப்பதாகப் பார்த்து வாங்கு. பென்சில் செல் கூடு கிடைக்குமா என்று மறக்காமல் கேள். என்னுடையதை விலைக்குக் கேட்காதே.

சரிசெய்த செட்டைக் கொடுக்கும்போது குமிழில் வளையம் இல்லை. "அந்த ரப்பரைக் குப்பையில் போட்டுவிட்டேன் சார். புதுக் குமிழ் நல்ல இறுக்கம், இனித் தானாகத் திரும்பாது" என்றார் மெக்கானிக். அவர் கண்ணெதிரே சேனல் 11இல் வைத்து, பையில் போட்டுக்கொண்டு டவுன்ஹாலில் பஸ் ஏறினேன். உட்கார இடம் கிடைத்தது. பையை மடியிலேயே வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தேன். 9.

மகளின் பழைய சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே இன்னும் கிடக்கிறது. பின்சக்கர டியூபில் எப்படியும் பத்து வளையம் தேறும்.